ஒன்பது வருடமாக வாய்தா: இன்னும் சாமியை நம்பலாமா?

சேலம் குகைப் பகுதியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். நகைக்கடன் கொடுக்கும் ஓர் இடத்தில் கணக்குப் பார்த்தவர். ஒரு தணிக்கையில் இரண்டு நகைப் பொட்டலங்கள் குறைந்தன. பெட்டகச் சாவி இன்னொருவர் கையில் இருந்தது. பதிவேட்டில் கையெழுத்து இவருடையது. வேலை போனது, வழக்கு வந்தது, ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் வாய்தா. திங்கள் தவறாமல் சுகவனேசுவரர் கோயிலுக்குப் போனவர் இப்போது ஆறு மாதமாகப் போகவில்லை. சொந்தக்காரர்கள் "போன ஜென்மத்துப் பாவம்" என்கிறார்கள். ஒருவர் பரிகாரத்துக்கு 40,000 ரூபாய் கேட்டிருக்கிறார். எடுத்தவர் இரண்டு மாடி வீடு கட்டி கிரகப்பிரவேசமும் முடித்துவிட்டார். பத்தாவது படிக்கும் மகள், "அம்மா, சாமி இருக்காரா இல்லையா?" என்று கேட்கிறாள். "கும்பிடவும் முடியவில்லை, கும்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. நான் என்ன செய்யட்டும், ஐயா?" என்பது கேள்வி.

அம்மா, நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை சாயங்காலங்களில் திருமுறை வகுப்பு எடுக்கிறேன். எனக்குத் தெரிந்தது சிவன் மேல் பாடிய தேவாரமும், அடியார்கள் கதையைச் சொல்லும் சேக்கிழாரின் பெரியபுராணமும்தான். அதிலிருந்துதான் பேச முடியும்.

முதலில் அந்தச் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வழக்கைவிட அந்தப் பேச்சுதான் உங்களை அதிகம் அறுக்கிறது என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது.

திருச்செங்கோட்டுக்குப் போயிருப்பீர்கள். 1997இல் நாமக்கல் மாவட்டம் பிரியும் வரை அது நம் சேலம் மாவட்டம்தான். தேவாரத்தில் அந்த ஊருக்குப் பெயர் கொடிமாடச் செங்குன்றூர். திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக்கு வந்தபோது அங்கே தங்கியிருந்தார். பனிக்காலம். கூட வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. இந்த நாட்டில் இந்தப் பருவத்தில் இது வருவதுதான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நியாயமாகப் பார்த்தால் சம்பந்தரும் "வினைப்பயன், அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்று சொல்லியிருக்கலாம். சைவத்தில் வினைக் கொள்கை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் பாட்டை எடுத்த விதத்தைப் பாருங்கள்: "அவ்வினைக்கு இவ்வினை ஆம் என்று சொல்லும் அஃதறிவீர், உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே." அந்தச் செயலுக்கு இந்தப் பலன் என்று கணக்குச் சொல்லத் தெரிகிறதே, தப்பிக்கிற வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் குறை இல்லையா என்று கேட்கிறார். அடுத்த அடி "கைவினை செய்து எம்பிரான் கழல் போற்றுதும்". கையால் செய்கிற வேலை. இரண்டாம் பாட்டில் அது என்ன வேலை என்றும் சொல்கிறார்: "காவினை இட்டும் குளம்பல தொட்டும்". சோலை வைப்பது, குளம் தோண்டுவது.

வினைக் கொள்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வைத்த கண்ணாடி. அடுத்தவர் முகத்துக்கு நேரே அதைப் பிடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அதிலும் ஒருவர் திருடி இன்னொருவர் மாட்டிக்கொண்ட இடத்தில் "உன் பாவம்" என்று சொன்னால், திருடியவர் பெயர் பேச்சிலேயே வராமல் போய்விடுகிறது. அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் "திருச்செங்கோட்டில் சம்பந்தர் உங்களுக்குத்தான் பாடியிருக்கிறார்" என்று சொல்லுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கைவினை என்று சொன்னதால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உரை சொல்கிறவர்கள் அதைச் சிவத்தொண்டு என்பார்கள், சரிதான். என் மனதில், நியாயத்துக்காக ஓடுகிற ஓட்டமும் அதில் அடங்கும். வக்கீல் ஃபீஸ் கட்ட முடியாமல் இரண்டு வாய்தாவுக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி விடாதீர்கள், வாரண்ட் வரை போய்விடும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 12ஆவது பிரிவு இருக்கிறது. பெண் என்றால் வருமானம் பார்க்காமல் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கைச் சீக்கிரம் முடிக்க உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட முடியுமா என்று அந்த வக்கீலிடம் கேளுங்கள். சாமியை நம்புகிறவர் இதையெல்லாம் செய்யலாமா என்ற சந்தேகம் வேண்டாம். சம்பந்தரே குளம் வெட்டச் சொன்னவர்.

பரிகாரத்துக்கு அந்த 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. அந்தப் பணம் உங்கள் மகளுடைய படிப்பு.

அப்புறம், நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிற ஒன்று. "நான் தப்பு எதுவும் செய்யவில்லை என்று சாமி முன்னால் நின்று சொல்வது அகங்காரமா?" என்பது உங்கள் கடிதம் முழுக்க மறைந்து நிற்கிறது. இல்லை அம்மா. அப்பர் பாடிய முதல் பதிகத்தின் முதல் அடி என்ன தெரியுமா? "கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நானறியேன்." எமன் மாதிரி இந்த வலி வந்திருக்கிறது, விலக்காமல் இருக்கிறீர், நான் கொடுமைகள் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. சூலை நோயில் குடல் முறுக்கிக்கொண்டு திருவதிகைக் கோயிலில் வந்து விழுந்தவர் சொன்னது. அதே பாட்டில் "ஆற்றேன்" என்கிறார். தாங்க முடியவில்லை என்று அர்த்தம். பின்னால் பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தான், உள்ளே இருந்துகொண்டு "மாசில் வீணையும் மாலை மதியமும்" என்று குளிரக் குளிரப் பாடினார் என்று எல்லோரும் மேடையில் சொல்வார்கள். கஷ்டப்படுகிறவரைப் பார்த்து "அப்பர் காளவாயிலேயே பாடினார், உனக்கு என்ன" என்று சொல்பவர்களும் உண்டு. கேட்டால் எனக்குக் கோபம் வரும். வீணையும் நிலாவும் பின்னால் வந்தவை. அந்த மனிதர் வாயிலிருந்து முதலில் வந்தது "ஆற்றேன்". அதையும் தேவாரம் என்றே தொகுத்து வைத்திருக்கிறார்கள், இன்றும் கோயில் ஓதுவார்கள் அதைப் பண்ணோடு பாடுகிறார்கள்.

அவருடைய அக்கா திலகவதியாரைப் பற்றி மேடையில் அவ்வளவாகப் பேச மாட்டார்கள். எனக்கு அந்தக் குடும்பத்தில் பெரியவர் அவர்தான். கல்யாணம் பேசி முடித்த கலிப்பகையார் போரில் இறந்துபோனார். அதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். உயிரை விடப் போனவர், தம்பி சின்னப் பையன் என்று தங்கினார். வளர்ந்த தம்பியும் வேறு சமயத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண் என்ன தப்பு செய்தார்? பெரியபுராணம் ஒரு தப்பும் சொல்லவில்லை, ஒரு காரணமும் சொல்லவில்லை. திருவதிகைக் கோயிலில் பொழுது விடியும் முன் பெருக்கினார், சாணம் மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார், தம்பியைத் திருப்பிக் கொடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை வருடம் என்று சேக்கிழார் கணக்குச் சொல்வதில்லை. தம்பி திரும்பினார். கலிப்பகையார் திரும்பவில்லை.

இதை எழுதும்போது என் மனைவி ஞாபகம் வருகிறது. என் ஓய்வூதியம் ஏழு வருடம் நின்றது. நான் பொறுப்பிலேயே இல்லாத ஒரு வருடத்துக் கணக்கில் தணிக்கைத் தடை விழுந்து, என் பெயரில் ஏறிவிட்டது. மஞ்சப்பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு அலைவேன். நகலுக்கு நகல் எடுத்து, கடைசியில் என் பணிப் பதிவேட்டுத் தாளில் பிறந்த தேதியே படிக்க முடியாமல் மங்கிவிட்டது. ஒவ்வொரு மேசையிலும் அந்தத் தேதியை நானே பேனாவால் தடித்துக் காட்டுவேன். "திருத்தியிருக்கிறீர்களே" என்பார்கள். என் மனைவி இரண்டு வளையலை செவ்வாய்ப்பேட்டையில் அடகு வைத்துத்தான் அரிசி மளிகை ஓடியது. பணம் வந்து சேர்ந்தபோது அவள் இல்லை, நாலு மாதம் முன்னால் போய்விட்டாள். வளையலை மீட்டுக் கொண்டுவந்து பீரோவில் வைத்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது. "எல்லாம் நன்மைக்கே" என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன். உங்களுக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

அந்த ஏழில் இரண்டு வருடம் நானும் கோயில் வாசலை மிதிக்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போக வேண்டியிருந்தால் கோபுரம் கண்ணில் படாத சந்தாகப் பார்த்துச் சுற்றிப் போவேன். ஆனால் ராத்திரி படுத்தால் "உனக்குக் கேட்குதா, கேட்கலையா?" என்று வாய் தானாகப் பேசும். ஒரு நாள் விளக்கை அணைத்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "யார்கிட்டங்க பேசிட்டிருக்கீங்க?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. உங்கள் கடிதத்தில் "கும்பிடாமல் இருக்கவும் முடியவில்லை" என்ற வரியைப் படித்ததும் அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. நீங்கள் நம்பிக்கையை இழக்கவில்லை அம்மா. சண்டையில் இருக்கிறீர்கள். சண்டை வேறு, பிரிவு வேறு.

நம் சமயத்தில் அந்தச் சண்டைக்கு இடம் உண்டு. சுந்தரர் கதையை முழுதாகக் கேளுங்கள், உங்களுக்கு அது கோர்ட்டு கதை மாதிரியே இருக்கும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது" என்றார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் விடவில்லை. கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வழக்கைக் கொண்டுபோனார். சபையார் பாட்டன் எழுதிய வேறொரு ஓலையைக் கொண்டுவரச் சொல்லி, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். சுந்தரர் தோற்றார். வாதாடும்போது கிழவரைப் பித்தன் என்று திட்டியிருந்தார். கிழவராக வந்திருந்த கடவுள் அந்த வார்த்தையிலேயே பாட்டைத் தொடங்கச் சொன்னார், வன்தொண்டன், அதாவது முரட்டுத் தொண்டன், என்று பெயரும் வைத்தார். திட்டிய வாய்க்குக் கிடைத்த பட்டம் அது.

பின்னால் திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று கொடுத்த சத்தியத்தை மீறி ஊரைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. அவர் பேரில் தப்பு இருந்தது, உங்கள் பேரில் இல்லை. அந்த வித்தியாசத்தை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அவர் எப்படிக் கேட்டார், அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்காகச் சொல்கிறேன். தடவித் தடவித் திருவெண்பாக்கம் போய்ச் சேர்ந்தார். இன்றைக்குப் பூண்டி ஏரி இருக்கும் இடம். கோயிலுக்குள் இருக்கிறீரா என்று வெளியிலிருந்து கேட்டார். உள்ளேயிருந்து பதில் வந்தது: "உளோம், போகீர்." இருக்கிறோம், நீர் போம். கண் வரவில்லை. ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. கண் கேட்டால் கோலா என்று கோபத்தில் அதை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு உடைந்தது என்று அந்த ஊர்த் தலவரலாறு சொல்கிறது. அப்புறம் காஞ்சிபுரத்தில் இடக்கண் கிடைத்தது. வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. அங்கே நின்று பாடியது: "மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே, மூளாத் தீப்போல் உள்ளே கனன்று." எரிந்து கிளம்பவும் செய்யாமல், அணையவும் செய்யாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கிற நெருப்பு. ஒன்பது வருடம் வாய்தாவுக்குப் போனவருக்கு இதற்குப் பொழிப்புரை வேண்டாம். உம்முடைய ஆட்கள் கஷ்டத்தைச் சொன்னால் சும்மா உட்கார்ந்திருப்பீர், "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். நம் ஊரில் மனம் வெந்த பெண்கள் "நீ நல்லா இரு சாமி" என்பார்களே, அதே குரல். பதினொரு பாட்டு. அதைக் கேட்டுத்தான் இரண்டாவது கண் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் இருந்தபோது "உளோம் போகீர்" என்பதை நான் கடவுளின் அலட்சியம் மாதிரி நடித்துக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த ஏழு வருடத்துக்குப் பிறகு அப்படி நடிக்க வரவில்லை. பார்வை இல்லாதவருக்கு உள்ளே ஆள் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் வந்துவிட்டது. போ என்று சொல்லும்போது கையில் கோல் இருந்தது. கேட்டது முழுசாக, கேட்ட நாளில் கிடைக்கவில்லை. முதலில் கோல், பிறகு ஒரு கண், பிறகு இன்னொன்று, நடுவில் நடை. உங்களுக்கும் கண் இன்னும் வரவில்லை. கோல் ஏதாவது வந்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். சம்பளம் நின்ற பிறகு தையல் மெஷின் வாங்க நாத்தனார் கொடுத்த பணத்தைப் பற்றி நீங்களே இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைக் கண் என்று யாரும் ஏமாற்றக் கூடாது. கோல்தான். கோபம் வந்தால் அதை வீசவும் செய்யலாம்.

நான் கோயிலுக்குப் போகாமல் இருந்த அந்த நாட்களில் என் அக்கா மகன் வற்புறுத்தி ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனான். மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழா. குகைக் கோயில் அது, கூரை தாழ்ந்திருக்கும், குனிந்துதான் போக வேண்டும். எனக்கு முன்னால் ஒரு மலைக்காரப் பாட்டி. முந்தானை முடிச்சை அவிழ்க்கக் கை நடுங்கியது. பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே ஒரு கைப்பிடி மிளகு, தன் தோட்டத்தில் விளைந்தது. அதைச் சேர்வராயன் முன்னால் கொட்டிவிட்டு வீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினார். வெளியே வந்ததும் கேட்டேன். வேலைக்கென்று கீழே இறங்கிப் போன மகன், பதினாலு வருடமாகத் தகவல் இல்லையாம். "அவன் வரானோ வரலையோ சாமி, நான் வந்து சொல்லிட்டுப் போகோணுமில்ல?" என்றார். அழவில்லை. வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். மறுவாரம் திங்கட்கிழமை நான் சுகவனேசுவரர் கோயிலுக்குப் போனேன். கும்பிடவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தணிக்கைத் தடையைப் பற்றித் தேதிவாரியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு மாடி வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தெரு வழியாகப் போகாதீர்கள், அவ்வளவுதான். அவர் எப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் ஒன்பது வருடத்தோடு இன்னும் சில வருடத்தையும் அவருக்கே கொடுத்ததாக ஆகிவிடும். ராத்திரி மூன்று மணி வரை தூக்கம் வரவில்லை என்கிறீர்களே, அதற்கு டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவும் ஒரு கோல்.

மகளுக்கு என்ன சொல்வது? பொய் சொல்லாதீர்கள். "இருக்கார், எல்லாம் சரியாயிடும்" என்று உங்களுக்கே தோன்றாத நாளில் சொல்ல வேண்டாம். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அம்மா குரலில் ஓட்டை இருந்தால் தெரியும். "நானும் அதைத்தான் அவர்கிட்ட கேட்டுட்டு இருக்கேன்" என்று சொல்லுங்கள். கோயிலுக்கு வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். வெண்பாக்கம் கதையை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுங்கள், நந்தியின் கொம்பை மறக்காமல். அப்புறம் அந்தக் கேஸ் கட்டை அவளிடம் காட்டுங்கள். என் மஞ்சப்பைக் காகிதங்களை நான் அன்றைக்கே படித்துக் காட்டியிருந்தால் என் பிள்ளைகள் என்னைப் பற்றி அவ்வளவு நாள் பயந்திருக்க மாட்டார்கள். அம்மா தலை குனிந்து நிற்கவில்லை, பதில் மனுப் போட்டு நிற்கிறாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியட்டும்.

அடுத்த வாய்தா திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். கோர்ட்டு வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். அஸ்தம்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்தால் சாயங்காலம் எங்கள் வகுப்புக்கு வந்துவிடலாம். அன்றைக்கு "மீளா அடிமை" எடுக்கிறேன். பாட வேண்டும் என்று இல்லை. கேஸ் கட்டோடு அப்படியே வந்து உட்காருங்கள், சாமி கும்பிடாமல் திரும்பிப் போனாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம்.